மலைக்கு யார் காவல்?



ஈப்போவிலிருந்து கோப்பேங் சாலையில் செல்பவர்கள் குனோங் ராபாட்டைக் காணாமல் போக முடியாது. வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழுந்து நிற்கும். உச்சியில் பச்சைச் செடிகொடிகள் அடர்ந்திருக்கும். சாம் போ தோங், கெக் லோக் தோங் முதலிய குகைக் கோயில்கள் இம்மலையின் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன. மலாய்மொழியில் குனோங் என்றால் மலை, ராபாட் என்றால் நெருக்கம். மலையும் நெருக்கமாகத்தான் இருக்கிறது. அதன் அடிவாரத்து மக்களும் இன்று அப்படியே நெருங்கி வாழ்கிறார்கள்.

இந்த மலை யாருடையது? பள்ளியில் பிள்ளைகளிடம் இக்கேள்வியைக் கேட்டால் பலவித விடைகள் வரும். கோயிலுடையது என்பான் ஒருவன். கல்லுடைக்கும் கம்பெனியுடையது என்பாள் ஒருத்தி. அரசாங்கத்துடையது என்பார்கள் மற்றவர்கள். எங்களுடையது என்று சொல்லும் பிள்ளை அரிது. அந்த விடை ஏன் வருவதில்லை, வரவேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு இன்று சிந்திப்போம்.

முதலில் இம்மலைகளின் அருமையை அறிந்துகொள்வது நலம். மேற்கே கிளேடாங் மலைத்தொடருக்கும் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடருக்கும் இடையே கிடக்கிறது கிந்தா பள்ளத்தாக்கு. அதன் சுண்ணக்கல் குன்றுகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் படிந்த சிப்பிகளாலும் பவளங்களாலும் ஆனவை. தம்புன் அருகே ஒரு குன்றின் பாறையில் பண்டைக்கால மனிதர் செந்நிறத்தில் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. அவை 1959ஆம் ஆண்டில் ஓர் இராணுவ அதிகாரியின் கண்ணில் பட்டு வெளியுலகுக்குத் தெரியவந்தன.

தீபகற்ப மலேசியாவின் சுண்ணக்கல் மலைகளில் வளரும் தாவரங்களை 1970ஆம் ஆண்டுகளில் ஓர் அறிஞர் கணக்கெடுத்தார். 1,216 வகைகள் தேறின. நாட்டின் நிலப்பரப்பில் மிகச் சிறு பகுதியே இம்மலைகள். இருந்தும் இத்தனை வகை! அவற்றுள் சில, சுண்ணக்கல்லைத் தவிர வேறு எந்த மண்ணிலும் வளரமாட்டா. நத்தைகளின் கதை இன்னும் வியப்பானது. கடுகளவே உள்ள சில நத்தை இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழ்கின்றன. அந்தக் குன்று போனால் அந்த இனம் உலகிலேயே இல்லாமற் போகும்.

நத்தை போனால் நமக்கென்ன என்று கேட்பவர் உண்டு. அவருக்கு டுரியான் பழத்தைக் காட்டி விடை சொல்லலாம். டுரியான் பூ இரவில் மலர்வது. அதற்கு மகரந்தம் சுமந்து வருவதில் பெரும்பங்கு வௌவால்களுடையது. பூந்தேன் உண்ணும் குகை வௌவால் இருண்ட சுண்ணக்கல் குகைகளில் கூட்டம் கூட்டமாகத் தங்குகிறது. 1970ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் பத்துமலைக் குகை வௌவால்களின் எச்சத்தைச் சோதித்தார்கள். தொலைவிலுள்ள கடலோரச் சதுப்புக் காட்டு மரங்களின் மகரந்தம்கூட அதில் காணப்பட்டது. டுரியானும் பெத்தாயும் காய்ப்பதற்கு, எங்கோ ஒரு மலைக்குகை கலையாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய மலைகளுக்கு நடுவேதான் நம் முன்னோர் பிழைக்க வந்தார்கள். கிந்தா வட்டாரம் ஒரு காலத்தில் உலகிலேயே பேர்பெற்ற ஈயச் சுரங்கப் பகுதி. பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பிறகு காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. ஈயமும் இரப்பரும் மங்கிய பின்னர், மலையே பொருளாக மாறியது. சிமெண்டுக்கும் சாலைக்கும் சலவைக்கல்லுக்கும் குன்றுகளை உடைத்தார்கள், உடைத்தும் வருகிறார்கள். நம் வீட்டுச் சுவரிலும் பள்ளிக்கூடத் தரையிலும் அந்தக் கல் இருக்கிறது. ஆகவே எந்த மலையையும் தொடக்கூடாது என்று சொல்வது நேர்மையாகாது. எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதே கேள்வி.

மலேசிய அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளவை. காப்புக்காடு என்று அரசிதழில் அறிவிப்பதும் மாநிலமே, அந்த அறிவிப்பை நீக்குவதும் மாநிலமே. ஒரு தாளில் காக்கப்பட்ட காடு மற்றொரு தாளில் காவலிழக்கலாம். இந்நிலையில் நம் நாட்டில் சில காடுகள் எப்படித் தப்பின? அவற்றின் வரலாற்றைப் பார்த்தால் மூன்று காரியங்கள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. மக்கள் அந்த இடத்தை அறிந்திருந்தார்கள். அதற்காகக் கூலியில்லாமல் உழைத்தார்கள். அதற்காக வாய்திறந்து பேசினார்கள்.

தொடக்கத்தில் பேசியவர் ஏறக்குறைய ஒரே மனிதர். தியோடர் ஹப்பேக் என்பது அவர் பெயர். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த கட்டடக் கலைஞரின் உடன்பிறந்தவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டத்துரையாக வாழ்ந்தார். யானையையும் காட்டெருமையையும் வேட்டையாடிப் புத்தகமும் எழுதினார். அந்த வேட்டைக்காரரே, விலங்குகள் அருகிப் போவதைக் கண்ணால் கண்டு மனம் மாறினார். 1925இல் குனோங் தாஹான் பகுதி விலங்குக் காப்பிடமாயிற்று. யானைகள் இரப்பர்க் கன்றுகளை மிதிக்கின்றன என்று தோட்டக்காரர்கள் ஒருபுறம் முறையிட்டார்கள். விலங்குகள் அழிகின்றன என்ற கவலை மறுபுறம் எழுந்தது. இதைத் தீர விசாரிக்க 1930இல் அமைந்த ஆணையத்தில் ஹப்பேக்கே தலையாய பொறுப்பை ஏற்றார். பல இடங்களிலும் சாட்சியங்களைத் திரட்டி 1932இல் மூன்று பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். அதன் பயனாக 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், திரெங்கானு, கிளந்தான் சுல்தான்கள் 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கித் தந்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் விளங்கிய அக்காடு, சுதந்திரத்திற்குப் பின் தாமான் நெகாரா ஆயிற்று.

ஆனால் ஒருவரின் குரல் அவரோடு ஓய்ந்துவிடும். 1940இல் மலாயா இயற்கைச் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர் எட்கர். இரப்பர் நடவு பற்றித் தோட்டத்துரைமார் வைத்திருந்த பெரிய கையேட்டை எழுதியவரும் அவரே. காட்டை வெட்டி மரம் நடுவது எப்படி என்று எழுதிய கை, எஞ்சிய காட்டின் பறவைகளையும் பூச்சிகளையும் குறித்து வைக்கவும் முற்பட்டது! தொடக்கத்தில் அது பெரும்பாலும் வெள்ளையர் கூடிய சங்கம். நம்மவர் பலருக்கு அதன் வாயில் தெரியவில்லை. சுதந்திரத்திற்குப் பிறகு உள்நாட்டு ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தாரும் மாணவர்களும் அதில் சேர்ந்தார்கள். 1991இல் மலேசிய இயற்கைச் சங்கம் என்று பெயர் மாறியது.

பொதுமக்கள் குரல் பெரிதாகக் கேட்டது 1970ஆம் ஆண்டுகளில். பகாங், ஜொகூர் எல்லையிலுள்ள எண்டாவ்-ரொம்பின் காடு, தேசியப் பூங்காவாக்க முன்மொழியப்பட்டிருந்தது. 1977இல் அதன் நடுப்பகுதியில் மரம் வெட்டப் பகாங் மாநிலம் உரிமம் வழங்கியது. செய்தி வெளிவந்ததும் நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. இயற்கைச் சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் பயனீட்டாளர் சங்கங்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. மத்திய அரசாங்கமும் கவலை தெரிவித்தது. மறு ஆண்டே வெட்டு நின்றது. அதற்குள் ஒரு பகுதி அழிந்துவிட்டது என்பதையும் மறக்கலாகாது.

அத்துடன் அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. காக்க வேண்டும் என்று கூவிய காட்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்ல வேண்டாமா? 1985ஆம் ஆண்டு ஜூன் மாதம் இயற்கைச் சங்கம் ஓராண்டுக்கால ஆய்வுப் பயணம் ஒன்றைத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கியூ போங் ஹியாங் தலைமை தாங்கினார். அறிஞர்களோடு சாதாரண மக்களும் காட்டுக்குள் போனார்கள். சுமை தூக்கினார்கள், சமைத்தார்கள், செடிகளைச் சேகரித்தார்கள். உலகுக்கு முன்பு தெரியாத தாவரங்களும் பூச்சிகளும் அங்கே கிடைத்தன. விசிறிப்பனை ஒன்றுக்கு எண்டாவின் பெயரையே 1987இல் சூட்டினார்கள். அந்தக் காட்டுக்குள் ஒருமுறை இரவு தங்கியவன், பின்பு அதை யாரோ விற்கும்போது வாளாவிருப்பானா? 1993இல் ஜொகூர்ப் பகுதி பூங்காவாக அரசிதழில் ஏறியது. போராட்டம் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வளர்ந்து இளைஞனாகும் காலம் அது.

அதே காலத்தில் தாமான் நெகாராவுக்கே ஆபத்து வந்தது. தெம்பெலிங் ஆற்றில் மின்சார அணை கட்டினால் பூங்காவின் தாழ்நிலக் காடு நீரில் மூழ்கும். இந்நாட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. வியப்பு என்னவென்றால், அதே 1983இல் கடலுக்கப்பால் கேரளத்திலும் ஓர் அணைத் திட்டம் நின்றது. பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் சிங்கவால் குரங்குகள் வாழும் மழைக்காட்டை மூழ்கடிக்க இருந்த திட்டம் அது. அங்கே முன்னின்றது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம். அதில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே பெருவாரி. அவர்கள் ஊர் ஊராகச் சென்று, காடு என்றால் என்ன, மழை எங்கிருந்து வருகிறது என்று தாய்மொழியில் எடுத்துச் சொன்னார்கள். 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. தாய்மொழியில் சொன்னார்கள் என்பதை நாம் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். நம் பெற்றோர்க்குக் காட்டைப் பற்றிய செய்தி ஆங்கிலத்திலோ அறிவிப்புப் பலகையிலோ மட்டும் இருந்தால் அது அவர்கள் செவிக்கு எட்டாது.

நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். வடக்கே தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெலும், தெமெங்கோர் காடுகளில், மலேசியாவிலுள்ள பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் வாழ்கின்றன. இங்கும் 1993, 1994ஆம் ஆண்டுகளில் இயற்கைச் சங்கம் ஆய்வுப் பயணம் நடத்தியது. பின்னர் பெலும் காட்டைக் காக்கக் கோரி ஆயிரக்கணக்கான மக்கள் அஞ்சலட்டையில் கையொப்பமிட்டு அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். 2007இல் 1,17,500 ஹெக்டர் அளவில் அரச பெலும் மாநிலப் பூங்கா அரசிதழில் ஏறியது. தெற்கேயுள்ள தெமெங்கோர் காட்டுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அங்கே இருவாட்சிகளைக் காக்கும் பணியில் ஒராங் அஸ்லி மக்களே காவலர்களாக இயற்கைச் சங்கத்துடன் சேர்ந்தார்கள். எந்த மரப்பொந்தில் பறவை அடைகாக்கிறது என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? வெளியூரிலிருந்து தொண்டர்கள் போய் அவர்களோடு அமர்ந்து, மாலையில் பறந்து செல்லும் இருவாட்சிகளை எண்ணி எழுதினார்கள். அறிவும் தொண்டும் இப்படித்தான் கைகோக்க வேண்டும்.

இத்தனை ஆண்டு முயற்சி சட்டத்திலும் சிறிது இடம் பிடித்தது. காப்புக்காட்டை நீக்கும் முன் பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்ற விதியைச் சிலாங்கூர் 2011இல் ஏற்றது. அந்த விதியின் பலம் சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 2020 பிப்ரவரியில் வடகோல லங்காட் காப்புக்காட்டின் பெரும்பகுதியை நீக்கக் கருதியிருப்பதாக அறிவிப்பு வந்தது. ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள் தவணை. அக்காட்டை நம்பி வாழும் தெமுவான் மக்களும் நகரத்தாரும் சேர்ந்து 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்களைக் கொடுத்தார்கள். அதையும் மீறிக் காடு நீக்கப்பட்டது என்ற செய்தி 2021 ஆகஸ்டில் வெளியானது. மீண்டும் குரல் எழுந்தது. செப்டம்பரில் மாநில அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் தேசிய வனச் சட்டமே திருத்தப்பட்டு, பொது விசாரணை அதில் இடம்பெற்றது. ஒவ்வொரு மாநிலமும் அதை ஏற்றால்தான் அங்கே அது நடப்புக்கு வரும். சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே நுழைந்து பேச ஆள் வேண்டும்.

இனி நம் கிந்தா மலைகளைப் பாருங்கள். 1973 அக்டோபர் 18ஆம் நாள் ஈப்போ குனோங் செரோவில் பாறை சரிந்து அடிவாரத்து நெடுவீடு ஒன்றின் மேல் விழுந்தது. சுமார் நாற்பது பேர் மாண்டார்கள். கல்லுமலை முருகனைத் தொழத் தைப்பூசத்தில் நாம் திரளும் மலையும் அதுதான். மலையடியில் வாழ்வோர் மலையை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான பாடம் வேண்டியதில்லை. வடக்கே செம்மோர் பக்கம் கந்தான் மலையில் சிமெண்டுக்காகக் கல் எடுக்கிறார்கள். அங்கே, வளையின் வாயிலில் கதவு வைத்து வாழும் அரிய சிலந்தி ஒன்று உண்டு. 2014இல் புதிதாகக் கண்ட ஒரு சிறு நத்தைக்கு, அந்த மலையில் கல்லெடுத்துவந்த லாஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே ஆராய்ச்சியாளர்கள் சூட்டினார்கள். அதன் உயிர் அந்நிறுவனத்தின் பொறுப்பு என்று நினைவூட்டும் உபாயம் அது. 2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்கா என்ற சிறப்பைப் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் சிறப்புப் பட்டம் எல்லாக் குன்றுக்கும் வேலி ஆகிவிடாது.

இதில் தோட்டப்புறத் தமிழர்க்கு என்ன பங்கு? இந்தக் கேள்விக்கு விடை நம் சொந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது. நம் பாட்டனார் பிறர் மண்ணில் பால்வெட்டினார். லயத்து வீடும் கம்பெனிக்குச் சொந்தம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அப்பொழுது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கூலிக்காரர்கள் சம்பளத்தில் சிறு தொகையை மாதந்தோறும் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொடங்கிப் பல தோட்டங்கள் அவர்கள் கூட்டுடைமையாயின. தனியே ஒரு காணி வாங்க வழியில்லாதவர்கள் கூடி நின்று பெருநிலத்தைக் காத்தார்கள். நிலத்தைக் காக்கும் கலை நமக்குப் புதிதன்று.

எஞ்சிய தோட்டங்களும் இன்று வீட்டுமனைகளாகி வருகின்றன. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு வாசலில் ஒரு மரம்கூட இல்லை. பணமுள்ளவன் தன் பிள்ளையைக் குளிர்மலைக்கும் கடற்கரைக்கும் கூட்டிச் செல்வான். இல்லாதவன் பிள்ளைக்குப் பொது மலையும் பொது ஆறும் பொதுக் காடும்தான் சொத்து. வள்ளுவர் ஒரு நாட்டுக்கு அரண் எது என்று சொல்லும்போது மதிலோடு மலையையும் காட்டையும் சேர்த்து எண்ணினார். அந்த அரணை இழந்தால் முதலில் நட்டப்படுபவர்கள் ஏழைகளே.

செய்யவேண்டியவை எளியவை. 1991 முதல் கல்வி அமைச்சின் ஒத்துழைப்போடு பள்ளிகளில் இயற்கை அன்பர் மன்றங்கள் இயங்கி வருகின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படியொரு மன்றம் உண்டா என்று கேளுங்கள்; இல்லையென்றால் தொடங்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் தம் ஊர் மலையின் செடியையும் பறவையையும் தமிழ்ப் பெயரோடும் மலாய்ப் பெயரோடும் எழுதட்டும். வீட்டிலுள்ள பாட்டியைக் கேட்டால் காட்டுக்கீரை, மூலிகைப் பெயர்கள் பத்தாவது கிடைக்கும். பாறை சரியும் இடத்துக்கும் இருட்குகைக்கும் பெரியவர் துணையின்றிப் போகலாகாது என்றும் கற்பியுங்கள். திருவிழா முடிந்த மறுநாள், மலையடியில் கிடக்கும் நெகிழிப் பைகளை அகற்ற இளைஞர் மன்றத்தார் ஒரு காலைப் பொழுதைத் தரலாம். குகைக்குள் சாயம் பூசுவதையும் தூண் கற்களை உடைப்பதையும் கோயில் நிர்வாகங்கள் தடுக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, எழுதக் கற்றுக்கொள்வோம். நாளிதழில் சிறிய எழுத்தில் வரும் நில அறிவிப்பை ஒருவர் படித்து மற்றவர்க்குச் சொல்ல வேண்டும். நில அலுவலகத்துக்கும் நகராண்மைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் பணிவோடு, தெளிவோடு, உரிய தவணைக்குள் மனு எழுத வேண்டும். பள்ளியில் கடிதம் எழுதப் பழக்குகிறோமே, அந்தப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் ஏது? ஒரே நாளில் பயன் கிட்டாது. எண்டாவ்-ரொம்பினுக்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

இந்த மலை யாருடையது என்று அடுத்த முறை கேட்கும்போது, எங்களுடையது என்று பிள்ளைகள் சொல்லட்டும். அதில் வாழும் உயிர்கள் இவை, நாங்கள் செய்த பணி இது, எழுதிய மனு இது என்று கூடவே காட்டவும் அவர்களால் முடியட்டும். அதற்குரிய பாடத்தை வீட்டிலும் பள்ளியிலும் இன்றே தொடங்குவோம்.